சரளையும் தாரும்: பந்தயப் பாதையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2010 நவம்பர் 14 அன்று அபுதாபியின் யாஸ் மரீனா பந்தயப் பாதையில், அந்த ஆண்டின் ஃபார்முலா ஒன் சாம்பியன் யார் என்பது தீர்மானமாக வேண்டியிருந்தது. புள்ளிக் கணக்கில் முன்னால் நின்றவர் ஃபெராரியின் ஃபெர்னாண்டோ அலோன்ஸோ. போட்டியாளர் செபாஸ்டியன் வெட்டல் பந்தயத்தை ஜெயித்தாலும்கூட, இவர் நான்காவதாக வந்தால் போதும். டயர் மாற்றிக்கொண்டு பாதைக்குத் திரும்பியபோது விட்டாலி பெட்ரோவ் என்ற ரஷ்ய ஓட்டுநரின் ரெனோ வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். பெட்ரோவுக்கு அது ஃபார்முலா ஒன்னில் முதல் வருஷம்; அலோன்ஸோ அதற்குமுன் இரண்டு தடவை உலக சாம்பியன். ஏறத்தாழ நாற்பது சுற்று துரத்தினார். முந்த முடியவில்லை. ஏழாவதாக வந்து, நான்கு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் போச்சு.

இதைத் தனியொரு ஓட்டுநரின் துரதிருஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அந்தப் பாதை 2009இல்தான் திறக்கப்பட்டது. பாழடைந்த பழைய தடமல்ல. பாலைவனத் தீவொன்றில் எந்தத் தடையும் இல்லாமல், வரைபடத் தாளில் இஷ்டம்போல வரைந்து கட்டியது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்பாதை, அதன் இரு முனைகளிலும் மெதுவான வளைவுகள், பாதைக்கு மேலேயே ஒரு ஹோட்டல். முந்துவதற்கென்றே திட்டமிட்ட இடத்தில் முந்துவது ஏன் நடக்கவில்லை? நவீன பந்தயப் பாதை 'விறுவிறுப்பு' என்ற பண்டத்தை உற்பத்தி செய்வதாகச் சொல்லிக்கொள்கிறது. அது உண்மையில் எதை உற்பத்தி செய்கிறது, அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பார்க்கலாம்.

(சிறுபத்திரிகையில் கார் பந்தயமா என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒரு தகவல்: 1961இல் வெளிவந்த விளையாட்டு பற்றிய ஒரு கனடா ஆவணப்படத்துக்கு உரை எழுதியவர் ரோலான் பார்த். அவர் எடுத்துக்கொண்ட ஐந்தில் ஒன்று கார் பந்தயம். நாம்தான் தயங்குகிறோம்.)

*

தொடக்கத்தில் பந்தயப் பாதை என்று தனியாக ஒன்று கிடையாது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே போகும் சாலைதான் பாதை. பாரிஸிலிருந்து ரூவான், போர்தோ, வியன்னா என்று ஓடினார்கள். 1903 மே மாதம் பாரிஸ்-மாட்ரிட் பந்தயத்தில் அந்த முறைக்கு முடிவு வந்தது. தூசிப்படலம், சாலையோரத்தில் முண்டியடித்த ஜனங்கள், குறுக்கே வந்த ஆடுமாடு. மார்செல் ரெனோ உட்படப் பலர் செத்தார்கள். வண்டிகள் போர்தோவை எட்டியதோடு பிரெஞ்சு அரசு பந்தயத்தை நிறுத்திவிட்டது. செத்தவர்களில் ஓட்டுநர்கள் மட்டுமல்ல, மெக்கானிக்குகளும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும்.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே சாலையில் மணிக்கு 20 மைல்தான் உச்சவேகம். பந்தயத்துக்குச் சாலையை மூடச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே லாக் கிங் என்ற நிலக்கிழார் சர்ரேயிலிருந்த தன் எஸ்டேட்டிலேயே கான்கிரீட்டில் ஒரு பாதை கட்டினார். 1907இல் திறந்த புரூக்லாண்ட்ஸ் அதுதான். உலகில் மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டிய முதல் பாதை. குதிரைப் பந்தயத்தின் சம்பிரதாயங்கள் அப்படியே இங்கே குடிபெயர்ந்தன. ஓட்டுநர்கள் ஜாக்கிகளைப்போல வண்ணச் சட்டை போட்டார்கள். இங்கே வருவது தகுதியான கூட்டம், நெரிசல் இருக்காது என்ற பொருளில் விளம்பரமும் செய்தார்கள். வேலியும் நுழைவுச்சீட்டும் பந்தயத்துக்குள் வந்தது வேகத்துக்காக மட்டுமல்ல என்பது இந்த இடத்தில் தெளிவு.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் இதற்கு நேரெதிர்ப் பிறப்பு. ஐஃபெல் மலைப்பகுதியின் வறுமைக்கு நிவாரண வேலையாக 1925இல் தொடங்கினார்கள். அன்று கொலோன் நகர மேயராக இருந்த கொன்ராட் அடனாவர் அதற்குத் துணை நின்றார். 1927இல் திறந்தது. அதன் வடக்குச் சுற்று மட்டும் 22 கிலோமீட்டருக்கு மேல். காட்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகள். தாழ்விடத்துக்கும் மேட்டுக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 300 மீட்டர். மலை எப்படிக் கிடந்ததோ அப்படியே பாதையும் கிடந்தது. மண்வெட்டி பிடித்தவர்கள் நிலத்தோடு பேரம் பேசித்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். அடுத்த வளைவு எப்படி இருக்கும் என்பதை மனப்பாடம் பண்ணித்தான் ஆக வேண்டும். ஓட்டுநர் பாதையை வாசிக்கிறார் என்ற உருவகத்துக்கு உண்மையில் பொருள் இருந்த இடம் அது.

இரண்டாம் உலகப்போர் இன்னொரு வகைப் பாதையைக் கொடுத்தது. போர் முடிந்ததும் விமானத் தளங்கள் சும்மா கிடந்தன. 1950 மே 13 அன்று உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் நடந்த சில்வர்ஸ்டோன் அப்படியொரு தளம். நம் சோழவரமும் அதே வகையறாதான். போர்க்கால ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்து, பிறகுதான் இருங்காட்டுக்கோட்டையில் தனிப்பாதை வந்தது. இந்தத் தளங்களில் தட்டையான திறந்தவெளியும் வைக்கோல் கட்டும் டிரம்மும்தான் எல்லை. பாதுகாப்பு என்று எவரும் யோசித்துக் கட்டியதல்ல. ஆனால் தடம் தவறினால் போய்ச் சேர இடம் இருந்தது. காட்டுப்பாதையில் மரம் இருந்தது.

*

மரம் என்பதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள். 1968 ஏப்ரல் 7 அன்று ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் மரத்தில் மோதித்தான் இறந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1966இல், பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் முதல் சுற்றிலேயே மழை. ஜாக்கி ஸ்டூவர்ட்டின் வண்டி தடம் விலகிச் சிக்கியது. பெட்ரோல் உடம்பெல்லாம் நனைக்க, அரைமணி நேரத்துக்குக் கிட்ட உள்ளேயே கிடந்தார். வெளியே எடுத்தது சக ஓட்டுநர்கள்தான். ஸ்டியரிங்கைக் கழற்ற ஸ்பானர் இல்லாமல் ஒரு பார்வையாளரின் காரிலிருந்து கடன் வாங்கினார்கள். மருத்துவ வசதி இருந்த லட்சணம் அப்படி.

அதன்பிறகு ஸ்டூவர்ட் செய்ததை விளையாட்டு வரலாறு 'பாதுகாப்பு இயக்கம்' என்று மென்மையாகப் பெயரிட்டுக் கடந்துபோகிறது. அது வேலைநிறுத்தம். ஓட்டுநர் சங்கம் 1969இல் ஸ்பாவில் ஓட மறுத்தது. 1970இல் நூர்பர்க்ரிங்கில் மறுத்ததால் பந்தயம் ஹாக்கன்ஹைமுக்கு மாற்றப்பட்டது. கேட்டது என்ன? தடுப்பு வேலி, மரம் அகற்றல், ஆம்புலன்ஸ், முறையான தீயணைப்பு. ஆலைத் தொழிலாளி எந்திரத்துக்குக் கூண்டு போடச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கோழை என்று திட்டினார்கள், பத்திரிகைக்காரர்களும் பாதை முதலாளிகளும். மூன்று முறை சாம்பியனான மனுஷனைப் பார்த்து!

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 'பழைய பாதைகளில்தான் விறுவிறுப்பு இருந்தது, இன்றைய பாதைகள் உப்புச்சப்பில்லை' என்ற புலம்பலில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் புலம்பலை அப்படியே வழிமொழிந்தால் நாம் போய் நிற்பது 1969இன் பாதை முதலாளிகள் பக்கம். மோன்ஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 இத்தாலியப் பந்தயத்தில் முதல் ஐந்து வண்டிகளும் 0.61 விநாடிக்குள் கோட்டைக் கடந்தன. பீட்டர் கெத்தின் ஜெயித்தது விநாடியில் நூறில் ஒரு பங்கில். வளைந்து திரும்பும் தடை எதுவும் இல்லாத நீண்ட பாதை, முன்வண்டி கிழித்த காற்றின் நிழலில் பின்வண்டி ஒட்டிக்கொண்டு வந்து முந்தும், மறுபடி பின்வாங்கும். அதைவிட விறுவிறுப்பான முடிவைக் காட்டுவது கஷ்டம். அதே மோன்ஸாவில்தான் 1961இல் ஃபான் டிரிப்ஸும் பத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் செத்தார்கள். 1970இல் யோகன் ரிண்ட் செத்து, செத்தபின் சாம்பியன் ஆனார். 1972இல் நேர்பாதைகளில் குறுக்கு வளைவுகள் வைத்தார்கள். ஒட்டிக்கொண்டு ஓடுகிற அந்த ஆட்டம் முடிந்தது. விறுவிறுப்பும் சாவும் ஒரே தாரில் கிடந்த இடத்தில் ஒன்றை மட்டும் பெயர்த்தெடுக்க அன்றைய பொறியியலுக்குத் தெரியவில்லை.

*

நூர்பர்க்ரிங் போனது 1976இல். அந்தப் பந்தயத்துக்கு முன்பே நிகி லாவ்டா அங்கே ஓட வேண்டாம் என்று வாதாடி ஓட்டுநர்களின் வாக்கெடுப்பில் தோற்றிருந்தார். ஆகஸ்ட் 1 அன்று அவர் வண்டியே மோதித் தீப்பிடித்தது. மறுபடியும் காப்பாற்றியது பின்னால் வந்த ஓட்டுநர்கள். 22 கிலோமீட்டர் காட்டில் எத்தனை தீயணைப்பு வண்டி, எத்தனை ஆளை நிறுத்த முடியும்? ஃபார்முலா ஒன் அதன்பின் அந்த வடக்குச் சுற்றுக்குத் திரும்பவேயில்லை. 1984இல் பக்கத்திலேயே நாலரைக் கிலோமீட்டரில் புதுப்பாதை வந்தது.

கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது என்பது என் வாசிப்பு. 22 கிலோமீட்டரை ஆம்புலன்ஸால் காக்க முடியவில்லை. காமிராவாலும் காக்க முடியவில்லை. பழைய பாதையில் பந்தயம் என்றால் 14 சுற்று. ஒரு விளம்பரப் பலகை 14 தடவைதான் கண்ணில் படும். 2002இல் சுருக்கிய ஹாக்கன்ஹைமில் அதே தூரத்துக்கு 67 சுற்று. பெரிய வணிக விளம்பரம், வண்டியின் இறக்கைகள், கிளார்க்கின் சாவு மூன்றும் ஒரே 1968இல் வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்ளலாம் (அந்த வருஷம் பாரிஸில் வேறு காரியங்கள் நடந்துகொண்டிருந்தன). ஆனால் உழைப்பவனின் கோரிக்கையும் மூலதனத்தின் தேவையும் ஒரே வரைபடத்தில் சந்தித்துக்கொண்டது தற்செயல் அல்ல. சிறிய, மூடிய, முழுக்கக் கண்காணிக்கத் தக்க பாதை. ஓட்டுநர் கேட்டது உயிர். கிடைத்தது உயிரும், கூடவே ஸ்டுடியோவும். ஃபூக்கோவை இழுக்காமலேயே இது புரியும். ஒவ்வொரு வளைவிலும் காமிரா இருக்கும் இடத்தில் மறைவான வளைவுக்கு இடமேது?

1994 இமோலா இந்தப் போக்கை வேகப்படுத்தியது. ஏப்ரல் 30இல் ராட்ஸன்பர்கர், மே 1இல் அயர்டன் சென்னா. சென்னா மோதிய டாம்புரெல்லோ வேகவளைவு அடுத்த வருஷமே மெதுவான குறுக்குவளைவாக ஆனது. மற்ற இடங்களில் வளைவுக்கு வெளியே சரளைப் படுகைகள் பெருகின. பிறகு அதிலும் கோளாறு தெரிந்தது. 1999இல் சில்வர்ஸ்டோனில் பிரேக் செயலிழந்த மைக்கேல் ஷூமாக்கரின் வண்டி சரளைமேல் வழுக்கிக்கொண்டே போய்த் தடுப்பில் மோதியது, கால் முறிந்தது. பக்கவாட்டில் வரும் வண்டி சரளையில் புதைந்து குட்டிக்கரணம் போடுவதும் உண்டு. ஆகவே சரளையை எடுத்துவிட்டுத் தாரே போட்டார்கள். தாரில் டயர் பிடிக்கும், பிரேக் வேலை செய்யும். வாதம் சரியானதுதான். விளைவு என்ன ஆச்சு? தடம் தவறியவன் அகன்ற தார்வெளியில் ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வந்துவிடுகிறான். தவறுக்கு விலை இல்லை. அதோடு பார்வையாளர் மாடமும் அத்தனை தூரம் பின்னால் போனது.

*

இந்தக் காலகட்டத்தின் பெயர் ஹெர்மன் டில்கே. ஆஹனில் கட்டடப் பொறியியல் படித்தவர், வடக்குச் சுற்றில் தானே பந்தயம் ஓட்டியவர். முதலில் ஆஸ்திரியப் பாதையைச் சுருக்கிக் கொடுத்தார். பின் செபாங் 1999, பஹ்ரைன், ஷாங்காய் 2004, இஸ்தான்புல் 2005, அபுதாபி 2009, கொரியாவின் யொங்கம் 2010, நம் நொய்டா 2011, ஆஸ்டின் 2012. இருபது வருஷத்துக்குள் ஏறத்தாழ ஒரே அலுவலகம் ஒரு உலக விளையாட்டின் நிலப்பரப்பையே எழுதியது.

அவருடைய சூத்திரம் சுலபமானது: மெதுவான வளைவு, நீண்ட நேர்பாதை, முடிவில் கொண்டை ஊசி வளைவு. நேர்பாதையில் நெருங்கி, பிரேக் போடும் இடத்தில் முந்த வேண்டும். தாளில் சரி. கணக்குப் போட்டால் இடிக்கிறது. இரண்டு வண்டிக்கு நடுவே ஒரு விநாடி இடைவெளி என்று வையுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 22 மீட்டர். 300 கிலோமீட்டர் வேகத்தில் அதே ஒரு விநாடி 83 மீட்டர். மெதுவான வளைவில் முன்வண்டி முதலில் முடுக்கிவிட்டுப் போகும். பின்னவன் இன்னும் வளைவிலேயே இருப்பான். மிருதங்கத் தனியில் ஒருவர் ஆவர்த்தனத்தை முடித்து அடுத்ததுக்குப் போய்விட, மற்றவர் இன்னும் முடிக்காமல் நிற்பது மாதிரி. நேர்பாதை முழுக்க விட்டதைப் பிடிப்பதிலேயே போய்விடும். போதாததற்குக் கார்பன் பிரேக்குகள் வண்டியை நூறு மீட்டர் அளவிலேயே அடக்கிவிடுகின்றன. பிரேக் போடும் தூரம் சுருங்கச் சுருங்க முந்தும் இடமும் சுருங்குகிறது.

டில்கேயை வில்லனாக்குவது சௌகரியம், நியாயமில்லை. இஸ்தான்புல்லின் எட்டாவது வளைவு, நான்கு தடவை உள்விளிம்பைத் தொட்டு நீளும் அந்த இடது வளைவு, அவர் போட்டதுதான். பஹ்ரைனில் 2010இல் நீட்டித்த பாதையில் ஓடிய பந்தயம் கொட்டாவி. 2014இல் வழக்கமான பாதையில் ஹாமில்டனும் ரோஸ்பர்க்கும் மாறிமாறி முந்தியது நெடுநாள் பேசப்பட்டது. பாதையை மட்டும் குற்றம் சொன்னால் வண்டி தப்பித்துவிடும். 1968இலிருந்து வண்டியைத் தரையோடு அழுத்துவது காற்று. முன்வண்டி குலைத்துவிட்ட காற்றில் பின்வண்டிக்கு அந்த அழுத்தம் கிடைக்காது. வளைவில் நெருங்க நெருங்க வழுக்கும். மோன்ஸாவில் முந்த உதவிய அதே காற்று நிழல் இப்போது வளைவில் எதிரி. அலோன்ஸோ மாட்டிக்கொண்டது பாதையும் காற்றும் சேர்ந்து போட்ட பூட்டில்.

அதற்கு வந்த தீர்வைப் பாருங்கள். 2011இல், முன்வண்டிக்கு ஒரு விநாடிக்குள் வந்தால் குறிப்பிட்ட நேர்பாதையில் பின்னிறக்கையைத் திறந்துகொள்ளலாம் என்று விதி செய்தார்கள். 2025 பருவம் வரை அது ஓடியது. முந்துதல்கள் எண்ணிக்கையில் கூடின. ஆனால் முன்னால் போகிறவன் தற்காத்துக்கொள்ள எதுவும் செய்ய முடியாது. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டுவதைப் போல அலட்சியமாகத் தாண்டிப் போனார்கள். முந்துதலையும் விறுவிறுப்பையும் ஒன்றாக்கிப் பார்த்ததன் விளைவு இது. மொனாக்கோவில் முந்த இடமே இல்லை, ஆனாலும் தகுதிச் சுற்றில் கண் விலகாது. சுவர் ஒரு கை தூரத்தில் இருக்கிறது. எண்ணிக்கை அங்கே எதையும் சொல்வதில்லை.

*

இந்தப் பாதைகளை யார் கேட்டார்கள்? ரசிகர்கள் கேட்கவில்லை. பெரும்பாலும் அரசுகள் கேட்டன; நாட்டின் முகத்தைத் திரையில் காட்ட ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. பஹ்ரைனில் 2011இல் மக்கள் எழுச்சியால் பந்தயம் ரத்தானது. 2012இல் போராட்டங்கள் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே நடத்திக் காட்டினார்கள். யொங்கம் பாதையைச் சுற்றி ஒரு நகரம் வரும் என்றார்கள், வரவில்லை. 2013உடன் பந்தயமும் போனது. நொய்டாவின் புத்தர் பெயர் கொண்ட பாதை 5.125 கிலோமீட்டர், 2011 முதல் 2013 வரை மூன்றே பந்தயம், மூன்றிலும் வெட்டல். அந்த யமுனைப் பகுதியின் நிலமெடுப்பில் நஷ்டஈடு போதவில்லை என்று விவசாயிகள் போராடிக்கொண்டிருந்த அதே 2011இல்தான் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அங்கே ஓடினார். பின்னால் வரித் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017இல் ஃபார்முலா ஒன் நிறுவனம் இந்தியாவில் வரி கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தெருவில் இரவுப் பந்தயம் நடந்ததையும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, அளவு சிறியதானாலும்.

சமீப வருஷங்களில் காற்று கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. 2021இல் திரும்பி வந்த நெதர்லாந்தின் ஸாண்ட்ஃபோர்ட்டில் கடைசி வளைவை 18 பாகை சாய்த்துப் போட்டார்கள். புரூக்லாண்ட்ஸின் சாய்தளம் நூறு வருஷம் கழித்துத் தலைகாட்டுகிறது. அதே வருஷம் யாஸ் மரீனாவிலும் சில வளைவுகளை உடைத்து மாற்றினார்கள். 2023 ஆஸ்திரியப் பந்தயத்தில் வண்டிகள் வெள்ளைக்கோட்டைத் தாண்டியதாகப் பரிசீலனைக்கு வந்தவை 1200க்கும் மேல். பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்துத் தண்டனை விநாடிகள் சேர்த்து முடிவையே மாற்றி எழுதினார்கள். அகன்ற தார்வெளியைப் போட்டுவிட்டு, அதன்மேல் ஏறாதே என்று காமிரா வைத்துக் கண்காணிப்பது. 2024இல் அங்கே கடைசி வளைவுகளின் விளிம்பில் சில மீட்டர் அகலத்துக்குச் சரளை போட்டார்கள். கோடு தாண்டுவது சட்டென்று குறைந்தது.

சரளை திரும்பியதில் எனக்கும் சந்தோஷம்தான். தவறுக்கு ஒரு விலை வேண்டும், அது உயிராக இருக்கக் கூடாது என்பதற்கு இந்தச் சில மீட்டர் கல்லைவிட நல்ல விடை இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. சென்னாவுக்குப் பின் இருபது ஆண்டுகள் பந்தய நாட்களில் எவரும் சாகவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அது ஓட்டுநர் கணக்கு. 2000 மோன்ஸாவில் ஒருவர், 2001 மெல்போர்னில் ஒருவர், பறந்து வந்த சக்கரம் பட்டுச் செத்தார்கள். இருவரும் பாதையோரத்தில் பணியிலிருந்த மார்ஷல்கள். உலகம் முழுக்க இந்த வேலையில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். 2013இல் கனடாவில் இன்னொருவர், மாட்டிக்கொண்ட வண்டியை அப்புறப்படுத்தும் எந்திரத்தின் அடியில் விழுந்து. 2014 சுஸுகாவில் ஜூல் பியாங்கி மோதியதும் அப்படி வண்டி தூக்க வந்த எந்திரத்தின்மேல்தான். அடுத்த ஆண்டு இறந்தார். சரளையில் புதைந்த வண்டி தானாக வெளியே வராது. கொடி பிடித்தவர்கள் இறங்கிப் போய்த்தான் கயிறு கட்ட வேண்டும், மற்ற வண்டிகள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே.